டீகப் நாய் எத்தனை கிலோ?

"டீகப் பாம். ஆண் குட்டி. 45 நாள். ஐஸ் ஒயிட். ஃபுல் கோட். செம ஆக்டிவ். டோர் டெலிவரி உண்டு."

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி விளம்பரம் அடிக்கடி வந்து விழும். கூடவே ஒரு படம். உள்ளங்கையில் பஞ்சு உருண்டையாக ஒரு குட்டி, பக்கத்தில் அளவு காட்ட ஒரு பீங்கான் கோப்பை. நிறம் தெரிகிறது, முடி தெரிகிறது, விலையை மட்டும் தனியாகக் கேட்கவேண்டும். வளர்ந்தால் எத்தனை கிலோ இருக்கும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை நிகர எடை அச்சடிக்காமல் விற்க முடியாது. ஐந்திலக்க விலை சொல்லி விற்கும் நாய்க்குட்டிக்கு எடை கிடையாது. டீகப், மைக்ரோ, பாக்கெட், டாய், மினி என்று பெயர்தான் உண்டு. இவற்றில் சில பெயர்களுக்குப் பின்னால் நிஜமாகவே அளவுகோல் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பின்னால் இருப்பது விற்பவரின் வாய் மட்டுமே. இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைத்ததுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம்.

கோபாலபுரம் போன்ற இடத்தில் இந்தச் சரக்கு ஏன் எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கான்ரான் ஸ்மித் சாலையிலும் அவ்வை சண்முகம் சாலையின் குறுக்குத் தெருக்களிலும் தோட்டமும் கிணறும் வைத்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து ஃப்ளாட் ஆகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அறுபதைத் தாண்டிய இரண்டு பேர். அல்சேஷனை யார் பிடித்துக்கொண்டு நடப்பது? லிஃப்டில் நாய் ஏறினாலே அசோசியேஷனில் சண்டை. மடியில் அடங்கும், குரைத்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காத, வளரவே வளராத நாய் ஒன்று கிடைத்தால் தேவலை என்றுதான் தோன்றும். அந்தத் தேவை நியாயமானது. அதற்கு விற்கப்படும் பெயரில்தான் கோளாறு.

முதலில் அளவுகோல் உள்ள பெயர்களைப் பார்த்துவிடலாம். நாய் இனங்களுக்கான இந்தியப் பதிவேட்டை வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நம்மூர் அண்ணா நகரில்தான் இருக்கிறது. அது பின்பற்றும், பெல்ஜியத்திலிருந்து இயங்கும் எஃப்.சி.ஐ. என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் இலக்கணங்களில் 'டாய்', 'மினியேச்சர்' என்ற சொற்கள் உண்டு. ஆனால் அவை சும்மா நிற்பதில்லை. பூடில் என்றால் தோள்பட்டை உயரம்: டாய் பூடில் 24 முதல் 28 சென்டிமீட்டர், மினியேச்சர் 28 முதல் 35 வரை. சிவாவா என்றால் உயரத்தைப் பற்றிக் கவலையில்லை, எடைதான் கணக்கு. உகந்த எடை ஒன்றரை முதல் மூன்று கிலோ. நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் டாக்ஸ்ஹுண்டுக்கு உயரமும் இல்லை எடையும் இல்லை. தையற்காரர் போல டேப்பை எடுத்து மார்புச் சுற்றளவைப் பார்க்கிறார்கள். அதிலும் நாய்க்குக் குறைந்தது 15 மாதம் ஆகியிருக்கவேண்டும். ஏன் 15 மாதம்? குட்டியை அளந்து ரகம் பிரிக்க முடியாது என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரியும்.

விளம்பரத்தில் 'பாம்' என்று சுருங்கும் பொமரேனியனின் கதை இன்னும் வேடிக்கை. எஃப்.சி.ஐ. கணக்கில் அது ஜெர்மன் ஸ்பிட்ஸ் குடும்பத்தின் கடைக்குட்டி, 18 முதல் 24 சென்டிமீட்டர் உயரம். அதற்கு அடுத்த பெரிய ரகத்தின் பெயர்தான் மினியேச்சர், 24 முதல் 30 சென்டிமீட்டர். இலக்கணப்படி பார்த்தால் பாமைவிட 'மினி பாம்' பெரிதாக இருக்கவேண்டும்! விளம்பரத்தில் 'மினி பாம்' என்று கூடுதல் காசு கேட்பவருக்கு இது தெரியுமா என்று யாராவது கேட்டுப் பார்க்கலாம். 'டீகப்', 'மைக்ரோ', 'பாக்கெட்' மூன்றும் எந்த நாட்டுக் கென்னல் கிளப்பின் இன இலக்கணத்திலும் ரகமாக இல்லை. கென்னல் கிளப் சான்றிதழ் வைத்திருக்கிறேன் என்பவரின் காகிதத்திலும் 'டீகப்' என்று எழுதியிருக்காது. அந்தச் சான்றிதழ் சொல்வது வம்சாவளியை மட்டும்தான். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா, எவ்வளவு வளரும் என்பதற்கெல்லாம் அது ஜாமீன் இல்லை.

நாயைப் பெயர் மாற்றி விற்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. எண்பது, தொண்ணூறுகளில் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு 'பொமரேனியன்' என்றால் ஒரு உருவம் மனதில் வரும். வெள்ளை முடி, கூர்மூக்கு, கேட்டுக்குள் நின்றுகொண்டு தபால்காரரைப் பார்த்துக் கத்தும் ஜிம்மி அல்லது பப்பி. ஆறேழு கிலோ இருக்கும். தயிர்சாதம் தின்றே பதினான்கு வருஷம் ஓட்டிவிடும். 1985-ல் எரிந்துபோகும் வரை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் பறவைக்கும் பிராணிக்கும் பேர்போன சந்தை. அந்தக் காலத்திலிருந்து சென்னை 'பாம்' என்று வாங்கி வளர்த்ததில் பெரும்பகுதி பொமரேனியன் இல்லை. அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழித்தோன்றல், நம் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போனது. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கிரிக்கெட் அம்பயராக நிற்கும் டஃப்பியும் இந்த ஜாதிதான். சிறிய ரகம் ஐந்திலிருந்து ஏழு கிலோ, பெரிய ரகம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அசல் பொமரேனியனோ அமெரிக்க இலக்கணப்படி 1.4-லிருந்து 3.2 கிலோவுக்குள் அடங்கவேண்டும்.

அந்தப் பொய் யாரையும் நோகடிக்கவில்லை. காசுக்கு மேலேயே கெட்டியான நாய் கிடைத்தது. பிறகு வெளிநாட்டுச் சிறுபாம்கள் வரத் தொடங்கியதும் வியாபாரிகளுக்குப் பெயர்ச் சிக்கல் வந்தது. ஸ்பிட்ஸைத்தான் ஏற்கெனவே பாம் என்று விற்றாகிவிட்டது. உண்மையான பாமை எப்படிச் சொல்லி விற்பது? 'டாய் பாம்' பிறந்தது. இரண்டுக்கும் நடுவில் கலந்து பிறந்ததற்கு 'கல்ச்சர் பாம்' என்று ஒரு பெயர். டாய் பாம் சகஜமானதும் அதற்கும் கீழே ஒரு படி வேண்டியிருந்தது, 'டீகப் பாம்' வந்தது. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறியது, எடை மட்டும் எழுதப்படவே இல்லை. 2016-ல் மத்திய அரசு இனப்பெருக்க வியாபாரத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதைத் தடுத்ததும், உள்ளூரில் இருப்பதையே சிறிதாக்கிக் காட்டும் ஆசை குறைந்திருக்க வாய்ப்பில்லை.

சிறியதாக இருப்பதே வியாதி என்று சொல்லிவிடக் கூடாது. இதில் அறிவியல் நாயின் பக்கம்தான். 2007-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ரேண்டரின் குழு போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் என்ற நாய் இனத்தை எடுத்து ஆராய்ந்தது. ஒரே இனத்துக்குள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பை வளரச் சொல்லும் ஒரு ஹார்மோனுக்கான ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவின் பக்கத்தில் சிறிய நாய்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத்துக்கோவை இருந்தது. சிவாவாவிலிருந்து பொமரேனியன் வரை, உலகின் சிறுநாய் இனங்களில் பெரும்பாலானவற்றில் அதுவே இருந்தது. மனிதன் நாயைப் பழக்கிய பிறகு எப்போதோ ஏற்பட்ட மாற்றம், அதை நாம் பிடித்துப் பெருக்கினோம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2022-ல் அதே குழு கதையைத் தலைகீழாக்கியது. 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஓநாயின் எலும்பிலேயே சிறிய உடம்புக்கான அந்த வடிவம் இருந்தது. நரி, குள்ளநரி போன்ற சின்ன உறவினர்களிடமும் அதுதான் இருக்கிறது. பெரிய உடம்புதான் பின்னால் வந்த புதுமை. குட்டை நாய் இயற்கைக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் இந்த ஓநாயைக் காட்டலாம்.

இது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. நாயின் அளவில் பங்கு வகிக்கும் மரபணுக்கள் இருபது வரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக, எலும்பும் இதயமும் தாயின் இடுப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்தால் இரண்டரைக் கிலோ பொமரேனியன் நன்றாகவே வாழும். விக்டோரியா மகாராணி 1888-ல் ஃப்ளாரன்ஸிலிருந்து கொண்டுவந்து இங்கிலாந்தில் 'எவ்வளவு சின்ன நாய்' என்று எல்லாரையும் வாய்பிளக்க வைத்த மார்கோ ஐந்தரைக் கிலோ. அங்கிருந்து இரண்டரைக் கிலோவுக்கு வர பல பத்தாண்டுகளும் எத்தனையோ தலைமுறைகளும் ஆயின. இரண்டரையிலிருந்து ஒரு கிலோவுக்கு ஒரே தாவலில் வர வியாபாரிக்குத் தெரிந்த வழி வேறு.

முதல் வழி, ஈற்றில் நோஞ்சானைப் பொறுக்குவது. நான்கு குட்டியில் ஒன்று சின்னதாகப் பிறப்பது சகஜம். வயிற்றுக்குள் இடம் சரியாக அமையாததாலோ பால் குடிக்கப் போட்டியில் தோற்றதாலோ அது மெலிந்திருக்கும். முன்பெல்லாம் அதை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். இப்போது அதற்குத்தான் அதிக விலை. அந்தக் குட்டி பிறகு சாப்பிட்டுத் தேறி அண்ணன் தம்பிகளின் எடைக்கே வந்துவிடுவதும் உண்டு. நோஞ்சானையும் நோஞ்சானையும் சேர்த்தால் நோஞ்சான்தான் பிறக்கும் என்பதும் நிச்சயமில்லை. மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவார்கள் என்று பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே மனிதர்களை அளந்து காட்டியிருக்கிறார். பெற்றோரின் சின்ன உருவத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிள்ளைக்குப் போகும். பட்டினியின் பங்கு போகாது. 'அப்பா அம்மா ரெண்டுமே டீகப்' என்ற உத்தரவாதத்தின் பலம் அவ்வளவே.

இரண்டாவது வழி, சாப்பாட்டைக் குறைப்பது. 'ஒரு நாளைக்குப் பத்து உருண்டை போதும், அதிகம் போட்டா வளர்ந்துடும்' என்று வாங்குபவரிடமே சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாவது வழி, நோயை அழகு என்று விற்பது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரல் வழியாகப் போய்ச் சுத்தமாகித்தான் உடம்புக்குள் கலக்கவேண்டும். சில குட்டிகளில் பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு குறுக்கே போய்விடும். யார்க்ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறு இனங்களில் இது கூடுதல். சுத்தமாகாத ரத்தம் மூளைக்குப் போகும், கல்லீரலோ வளராது, குட்டியும் வளராது. ஈற்றிலேயே சின்னதாக, சாதுவாக, சாப்பிட்டதும் மயங்கி உட்கார்ந்திருக்கும். வாங்குபவர் 'எவ்வளவு அடக்கமான குட்டி' என்பார். மூளைக்குள் நீர் தேங்கினால் நெற்றி உருண்டு புடைக்கும், கண்கள் பெரிதாகி வெளிப்பக்கம் பார்க்கும். அதற்கு விளம்பரத்தில் 'பேபி ஃபேஸ்' என்று பெயர். தைராய்டு சரியாகச் சுரக்காமல் குள்ளமாகிப் போனதையும் கோப்பைக்குள் உட்காரவைத்துப் படமெடுக்க முடியும். படத்தில் மூன்றும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் சுலபம், செலவும் இல்லை: வயதைக் கூட்டிச் சொல்வது. போன மழைக்காலத்தில் அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய ஒரு கால்நடை கிளினிக்கில் காத்திருந்தபோது, ஒரு மாமி பூத்துவாலையில் சுற்றிய குட்டியோடு வந்தார். இரண்டு நாள் முன்பு வாங்கியது. காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எத்தனை நாள் குட்டின்னு சொன்னாங்க மாமி?"

"ரெண்டு மாசம் முடிஞ்சுடுத்துன்னான். டீகப்போன்னோ, அதான் பொடிசா இருக்குன்னான்."

டாக்டர் பெண் பதில் சொல்லவில்லை. முதலில் குட்டியின் ஈறைத் தொட்டுப் பார்த்தார், வெளிறியிருந்தது. காதோரம் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டர். மனிதர்களுக்கு உள்ள அதே மாதிரி கருவி. எண்ணைப் பார்த்துவிட்டு, கையுறை விரலில் குளுக்கோஸ் கரைசலைத் தொட்டு ஈறில் தடவினார், பிறகு முன்காலில் ஊசி ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் குட்டி தலையைத் தூக்கியது. அதன் பிறகுதான் கட்டைவிரலால் உதட்டை ஒதுக்கி மாமிக்குக் காட்டினார். முன்பற்கள் அரிசி நுனி மாதிரி அப்போதுதான் எட்டிப் பார்த்தன. பின்னால் வெறும் ஈறு.

"ரெண்டு மாசம் ஆகியிருக்காது மாமி. அஞ்சு வாரம், மிஞ்சிப்போனா ஆறு. கண்ணுலகூட இன்னும் நீலம் போகல பாருங்க. இது தாய்ப்பாலை விட்டு வரவேண்டிய வயசே இல்ல."

"அப்போ இது வளருமா டாக்டர்?"

"வளரணும் மாமி. வளர்ந்தாத்தான் நல்லது."

பல் இங்கே பிறப்புச் சான்றிதழ் மாதிரி. நாய்க்குட்டிக்கு மூன்றாவது நான்காவது வாரத்தில் கோரைப்பல் முளைக்கத் தொடங்கும், ஆறாவது வாரத்துக்குள் முன்பற்கள் தெரியும், எட்டாவது வாரத்தையொட்டிக் கடைவாய்ப் பக்கமும் நிரம்பத் தொடங்கி பாற்பற்கள் 28 என்ற கணக்குக்கு வரும். சிறு இனங்களில் ஒன்றிரண்டு வாரம் பிந்தலாம் என்பதால் டாக்டர்கள் கண், நடை எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு சொல்வார்கள். ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்லிவிட்டால் எந்தப் பாமும் டீகப்தான். ஒரு மாதம் கழித்துக் குட்டி பெரிதானால் கேள்வி கேட்க நமக்கு மனம் வராது, அதற்குள் பெயர் வைத்துவிட்டிருப்போம். விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும்.

மாமியின் குட்டிக்கு நேர்ந்தது என்ன? உடம்பு சிறியதாக ஆக, எடையைவிட மேற்பரப்பு மெதுவாகக் குறையும். நீள அகல உயரத்தைப் பாதியாக்கினால் தோலின் பரப்பு நாலில் ஒன்றாகும், எடையோ எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிராமுக்கும் சூடு வெளியேற அதிக வழி. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி சும்மா படுத்திருக்கும் ஒரு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 70 கலோரி வேண்டும். 30 கிலோ நாய்க்கு மொத்தம் சுமார் 900, அதாவது கிலோவுக்கு 30. ஒரே அளவு சதைக்குச் சிறுநாய் இரு மடங்குக்கு மேல் எரிக்கிறது. வளரும் குட்டிக்கு இதிலும் இரண்டு மடங்கு தேவை. எரிப்பதற்குச் சேமிப்பு எங்கே? கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன், சதை, கொழுப்பு. அரைக்கிலோக் குட்டிக்கு மூன்றும் சொற்பம். ஏசி அறையில் ஓர் இரவு, புது இடத்தின் பயத்தில் ஒரு வேளை சாப்பிடாதது, கொஞ்சம் பேதி. இதில் இரண்டு சேர்ந்தாலே சர்க்கரை சரிந்துவிடும். உடம்பு தள்ளாடும், நடுங்கும், பிறகு வலிப்பு. மூளை சர்க்கரையைத்தான் நம்பியிருக்கிறது, அதற்குக் கடன் சொல்ல முடியாது. இப்படித் தள்ளாடும் குட்டிக்கு வாயில் ஊட்டக் கூடாது, புரையேறும். ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடவேண்டும். 'பத்து உருண்டை போதும்' என்ற ஆலோசனை எவ்வளவு கொடுமை என்பது இங்கே தெரியும்.

தப்பிப் பிழைத்து வளர்ந்தவற்றுக்கும் உடம்பில் இடப் பற்றாக்குறை தீராது. ராட்வைலருக்கும் 42 பல், ஒன்றரைக் கிலோ நாய்க்கும் 42 பல். தாடை சுருங்கியதே தவிர எண்ணிக்கை சுருங்கவில்லை. பல்மேல் பல் ஏறி, பாற்பல் விழாமல் நின்று, இடுக்கில் உணவு தங்கி, இளவயதிலேயே வாய் நாறத் தொடங்கும். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, வாத்து கத்துவது போல ஒரு இருமல் வரும். கழுத்துப்பட்டை கட்டி இழுத்தால் இன்னும் மோசம். பின்னங்காலின் முழங்கால் சில்லு நழுவும். நடந்துகொண்டே இருக்கும் நாய் திடீரென்று மூன்று காலில் இரண்டு எட்டு துள்ளிவிட்டு மறுபடி சாதாரணமாக நடந்தால், அது விளையாட்டல்ல.

முன்னங்கால் எலும்பு முறிவு ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். மணிக்கட்டுக்கு மேலே உள்ள பகுதிக்குச் சிறுநாய்களில் ரத்தக்குழாய் வலை அடர்த்தி குறைவு. சோபாவிலிருந்து வழுவழுப்பான வெர்டிஃபைட் டைல்ஸ் மேல் ஒரு தாவல், மட்டென்று ஒடிந்துவிடும். ஒடிந்தது சேர நாளாகும், சில சமயம் சேராமலே போகும். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த எலும்பில் தகடு வைத்துத் திருகு முடுக்குவது லேசான வேலை இல்லை. மயக்க மருந்தின் அளவும் அந்த உடம்புக்குச் சொட்டுக் கணக்கு.

தாய் நாய்களைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை வராது. தாய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாகக் குட்டி தரிக்கும். ஒன்றே ஒன்று தங்கினால் அது பெரிதாக வளர்ந்து, இடுப்பு வழி வராமல், அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். விவரம் தெரிந்த வளர்ப்பாளர்கள் இனத்தின் மிகச்சிறிய பெட்டைகளை ஈனவிடுவதே இல்லை. சற்றே பெரிய உடம்புள்ள பெட்டைதான் நல்ல தாய். கையில் அடங்கும் தாயைக் காட்டி 'இதோட குட்டிதான் சார்' என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் அந்தத் தாயைப் படாத பாடு படுத்துகிறார்.

எல்லைக்கோட்டில் நிற்கும் நாய்களும் உலகத்தில் உண்டு. கின்னஸ் புத்தகத்தில் உயிரோடு இருக்கும் மிகக் குட்டையான நாயாக 2023-ல் பதிவான பேர்ல், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளரும் சிவாவா, உயரம் 9.14 சென்டிமீட்டர், எடை 553 கிராம். கோடியில் ஒன்று என்பதால்தான் அது புத்தகத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரே தெருவில் மூன்று பேர் அதே எடைக்கு நாய் விற்கிறார்கள் என்றால் கின்னஸ்காரர்கள் இங்கே வந்து தங்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? விளம்பரத்தில் '45 நாள்' என்று வந்ததே, அங்கேயே மீறல் தொடங்கிவிட்டது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், குட்டிக்கு மைக்ரோசிப் வைத்திருக்கவேண்டும், பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணைசேர்க்கக் கூடாது. விதியை மீறுவதை விளம்பரத்திலேயே ஒப்புக்கொள்கிறார்கள். யாரும் கேட்பதில்லை என்ற தைரியம். 2024-ல் தமிழக அரசு அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கை நம் வெயில் தாங்காத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றின் மேல் கவனம் வைத்தது. அது வேண்டியதுதான். ஆனால் இனத்தின் பெயரைத் தடுப்பதில் காட்டிய அக்கறையை, ஓர் இனத்துக்குள்ளேயே அளவைச் சுருக்கி விற்கும் பெயர்களின் மேல் எந்த அரசும் இதுவரை காட்டவில்லை என்பது என் வருத்தம். விளம்பரத்தில் பெற்றோர் இருவரின் எடையும் குட்டி பிறந்த தேதியும் கட்டாயம் என்று ஒரே வரி சேர்த்தால் டீகப்பில் பாதி காணாமல் போகும்.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அசையும் சொத்து எல்லாம் அதில் 'பொருள்'. நாய்க்குட்டியும் அந்த வரையறைக்குள் வந்துவிடும், கேட்க எவ்வளவு சங்கடமாக இருந்தாலும். தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் ரசீது இல்லாமல், ஜிபேயில் பணம் அனுப்பி, அட்டைப்பெட்டியில் பைக்கில் வந்த குட்டிக்கு எதைக் காட்டி வழக்குப் போடுவது? அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடவேண்டும். பிறந்த தேதி என்ன, எழுதிக் கொடுப்பீர்களா? தாயை நேரில் பார்க்கலாமா, அது எத்தனை கிலோ? இதே தாயின் முந்தைய ஈற்றுக் குட்டி ஒன்று இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு கனம்? மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் என்ன? நேர்மையான வளர்ப்பாளர் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார், பதிலுக்கு உங்களையும் நாலு கேள்வி கேட்பார். 'சார், நீங்க எடுக்கறதா இல்லையா' என்று அவசரப்படுத்துபவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

லாயிட்ஸ் காலனியில் மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. கருத்தடைக்காக அங்கே வண்டியில் வந்து இறங்கும் தெருநாய்களுக்கு எந்த லேபிளும் கிடையாது. யாரும் அளவு பார்த்து வளர்க்காமல், தானாகப் பெருகி, பதினைந்து கிலோவை ஒட்டிய நடுத்தர உடம்பில் வந்து நிற்கின்றன. மடியில் வைக்க இடம் போதாது என்பதைத் தவிர அவற்றின் வடிவமைப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒரு முறை குட்டியை நிறுத்துத் தேதியோடு எழுதிவையுங்கள். வால்தம் என்ற செல்லப்பிராணி ஆராய்ச்சி நிலையத்தார் 2017-ல் வெளியிட்ட குட்டி வளர்ச்சி வரைபடங்கள் இணையத்தில் இலவசம். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டையில் போடும் கோடு மாதிரிதான். அதில் மிகச் சிறிய பிரிவு 'வளர்ந்தபின் ஆறரைக் கிலோவுக்குக் கீழ்' என்பது, அதற்குள் டீகப் என்று தனிக் கோடு கிடையாது. குட்டியின் எடை ஏதோ ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் போதும், எந்தக் கோடு என்பது முக்கியமில்லை. இரண்டு வாரம் எடை ஏறாமல் நின்றாலோ, கோட்டை விட்டுக் கீழே இறங்கினாலோ டாக்டரைப் பார்க்கவேண்டும். இந்தச் சிறு இனங்கள் பத்து மாதம் வாக்கில் வளர்ச்சியை முடித்துவிடும். அப்போது தராசு ஐந்து கிலோ காட்டினால் நீங்கள் வாங்கியது டீகப் இல்லை, பெரும்பாலும் நம்மூர் ஸ்பிட்ஸ் கலந்த 'கல்ச்சர் பாம்'. விற்றவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். பழைய ஜிம்மி வம்சத்தில் ஒன்று, கொடுத்த காசைவிடக் கெட்டியாகக் கிடைத்திருக்கிறது. மாநகராட்சி உரிமம் வாங்கவும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவும் மறக்காதீர்கள்.